ஊர்ச் சர்க்கரை

ஒரே பெயர் வைத்தால் ஒரே ஆளாகிவிடும் என்றோ, ஒரே ஆளாக ஆன பிறகுதான் ஒரே பெயர் வைக்க வேண்டும் என்றோ, பெரியப்பா ஏதோ ஒன்று சொல்லியிருந்தார். அது எந்த வீட்டுத் தொட்டில் விசேஷம், அந்தப் பேச்சின் முன்பாதி எது பின்பாதி எது என்பதெல்லாம் ஆவுடையப்பனுக்கு மறந்து போயிருந்தது. மைக்கைக் கையில் வாங்கினால் லேசில் விடாத பெரியப்பா அன்றைக்கும் விடவில்லை என்பதும், தாத்தா பெயரையே எல்லாப் பேரன்களுக்கும் வைக்கிற குடும்பம் என்பதால் கறுத்த ஆவுடை, கண்ணாடி ஆவுடை, ஓட்டப்பல் ஆவுடை என்று பந்தலுக்குள் ஆவுடையப்பன்களே ஒரு வரிசைக்கு உட்கார்ந்திருந்தார்கள் என்பதும்தான் ஞாபகத்தில் நின்றது. இவனுக்கு ஊரில் லண்டன் ஆவுடை என்று பெயர். இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது லெஸ்டரில்தான், லண்டனைப் பார்த்தது விமான நிலையத்தோடு சரி என்று அவன் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

லெஸ்டரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிலவறையில் உட்கார்ந்து அவன் செய்துவந்த வேலையை ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். ஒவ்வொரு பரிசோதனைக்கூடமும் ஒரே பரிசோதனையை ஒவ்வொரு பெயரில் கூப்பிடும். அந்தப் பெயர்களையெல்லாம் தேடிப்பிடித்து, எது எதற்குச் சமம் என்று தீர்மானித்து, உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு பெயரின் கீழ் கட்டிவைக்க வேண்டும். அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரியின் கணினி அனுப்புவது இன்னோர் ஆஸ்பத்திரியின் கணினிக்குப் புரியும். அந்த வேலையை விட்டுவிட்டு ஊத்துமடைக்குத் திரும்பியதற்குக் காரணம் அக்கா சங்கரவடிவு. அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. அவனுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்றால், அவனுக்கு ஒன்று பிறவியிலேயே சுருங்கியது என்று லெஸ்டரிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே கொடுப்பதற்கு எதுவும் இல்லாதவனாக, பெட்டிகளோடும் மடிக்கணினியோடும் அவன் வந்து சேர்ந்தான்.

வந்த வாரத்திலேயே பார்த்தான், மிஷன் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தை அரசு ஆஸ்பத்திரி ஒத்துக்கொள்வதில்லை, அங்கே எடுத்ததைப் பஸ் ஸ்டாண்டு லேப் ஒத்துக்கொள்வதில்லை, பள்ளிவாசல் தெரு லேப் யாருடையதையும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே சர்க்கரையை ஒருவர் பாஸ்டிங் என்றும், ஒருவர் வெறும் வயிறு என்றும், ஒருவர் காலைச் சுகர் என்றும், ஒருவர் மூன்று ஆங்கில எழுத்தாகவும், ஒருவர் வெறுமனே சுகர் ஒன்று என்றும் எழுதினார்கள். இந்தக் குழப்பத்துக்காக அக்காவின் கை வாரம் முழுக்கக் குத்துப்பட்டு, ஊதா நிறம் மஞ்சளாவதற்குள் மறுபடி ஊதாவாகிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவன் ஆரம்பித்தான். கீழ ரத வீதியில் லேப் வைத்திருந்த சிந்தாமணி, மற்ற நான்கு லேப்காரர்களையும் தன் இடத்துக்குக் கூப்பிட்டு டீயும் உளுந்த வடையும் கொடுத்து உட்காரவைத்தாள். ரத்தத்தில் பார்ப்பதா, ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிவில் பார்ப்பதா, எந்த அளவையில் சொல்வது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்று சண்டை போட்டே ஒரு மழைக்காலம் போயிற்று. கடைசியில், சர்க்கரையில் தொடங்குவோம், அதுதான் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று முடிவானது.

ஐந்து பெயர்களும் ஒன்றான மறுநாள் காலை ஊத்துமடையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்த அத்தனை பேருக்கும் நூற்று முப்பத்தொன்று வந்தது.

முதலில் இயந்திரத்தைத் திட்டினார்கள். பிறகு மருந்துக் குப்பிகளை மாற்றினார்கள். மதுரையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்து, பெயர் பதியாமல் தன் விரலையே குத்திப் பார்த்து, தனக்குத் தொண்ணூற்று நான்கு என்று காட்டிவிட்டு, இயந்திரம் நன்றாக இருக்கிறது, உங்கள் ஊர்தான் இப்படி இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குள் ஊருக்கே விஷயம் விளங்கிவிட்டிருந்தது. முந்நூறு வைத்திருந்தவர்களின் காலில் ஆறாத புண் ஆறத் தொடங்கியது, தொண்ணூறு வைத்திருந்தவர்கள் தாகத்தில் தண்ணீர்க் குடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எப்போதாவது, எந்த லேபிலாவது, அந்தப் பெயர்களில் ஒன்றின் கீழ் ஒரு தடவையாவது ரத்தம் கொடுத்திருந்த எல்லாருக்கும் இனி ஒரே சர்க்கரை. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது, ஒரே குளத்துத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் போய்க் குத்திக்கொள்வது வீண் என்று ஆனதால், தினம் காலையில் ஒருவர் மட்டும் ஊருக்காகக் கை நீட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். அன்றைய எண்ணைச் சிந்தாமணி டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவாள். எண் கூடியிருந்தால் அன்றைக்கு ஊரே ஒருவரையொருவர் உற்றுப் பார்க்கும். ராத்திரி எவன்ல அல்வா தின்னது என்ற கேள்வி பலகையடியில் ஆரம்பித்து, மீன் சந்தை வழியாகப் போய், மத்தியானத்துக்குள் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கிவிடும். மிட்டாய்க்கடை முக்காண்டியிடம் அல்வா வாங்குகிறவர்கள், திருச்செந்தூர் போகிற சொந்தக்காரர்களுக்கு என்று சத்தமாகச் சொல்லி வாங்கினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் தெருத் தெருவாகப் போய், எங்கள் வீட்டுப் பாயசத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். குளக்கரையை ஊருக்காகச் சுற்றி நடக்க இளவட்டங்கள் முறை வைத்துக்கொண்டார்கள். நடக்காமல் ஆலமரத்தடியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை மறுநாள் பலகை காட்டிக்கொடுத்தது. ரம்ஜான் நோன்பில் எண் மளமளவென்று இறங்கியபோது கோயில் தெருக்காரர்கள் பள்ளிவாசல் கஞ்சிக்கு அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கி, மாசம் முழுக்க எங்களுக்கும் சேர்த்துல்லா பட்டினி கெடக்கிய என்று நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள்.

கோயம்புத்தூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அங்கே ஊத்துமடைச் சர்க்கரைதான் வந்தது. ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள், பிள்ளை எங்கேயாவது ரத்தம் கொடுத்திருக்கிறாளா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல முடிந்தவர்களுக்கு நல்ல இடம் அமைந்தது. குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போனார்கள்; போக முடியாதவர்கள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள், அப்படி இருந்ததில் சில குழந்தைகள் இல்லாமலும் போயின. ஆவுடையப்பன் எதிர்பார்த்தது நடந்துதான் இருந்தது, ஐந்து கணினிகளும் ஒன்றோடொன்று தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டன. ஆனால் பகிர்ந்துகொள்ள எல்லாரிடமும் ஒரே தகவல்தான் இருந்தது.

அடுத்தது ஹீமோகுளோபின். அதைச் சேர்க்க அவன் விரும்பவில்லை. ஊர்தான் கேட்டது, முக்கியமாக ஊரின் ஆண்கள் கேட்டார்கள், சர்க்கரையில் கிடைத்த லாபம் இதிலும் கிடைக்கும் என்று நினைத்துவிட்டார்கள். தங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் எட்டும் எட்டரையுமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, யாரும் கேட்டதில்லை, பெண்களும் சொன்னதில்லை. சேர்த்த அன்று எல்லாருக்கும் பத்தரை வந்தது. மறுநாள் காலையில் ஆண்கள் குளக்கரைப் படியில் பாதி ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள், பெண்கள் நிறைகுடத்தோடு அவர்களைத் தாண்டி நிற்காமல் மேலே போனார்கள். பெண்கள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சிந்தாமணி மட்டும் பலகையில் எண்ணை எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே, "இத்தன நாளும் ஆம்பளைய இப்பிடி லேசாத்தான் நடந்துருக்கியளா?" என்று கேட்டாள். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே.

பெயர்களைப் பழையபடி பிரித்துவிடு என்று ஆண்கள் வந்து நின்றார்கள். அவன் பிரித்தான். ஐந்து லேபுகளிலும் பழைய பெயர்களே மறுபடி அச்சாகி வந்தன. எண் மட்டும் பத்தரையாகவே இருந்தது. சர்க்கரையையும் பிரித்துப் பார்த்தான், அதுவும் அசையவில்லை. சேர்க்கத்தான் முடியும், சேர்ந்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்த அன்றைக்கு, அவன் மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டான்.

ஆனால் கிரியாட்டினின் என்று ஒன்று இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. சிறுநீரகம் கழிக்க வேண்டிய அழுக்கு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று சொல்லுகிற எண் அது. நல்ல உடம்பில் ஒன்றைத் தொடாது. சங்கரவடிவுக்கு ஒன்பது. கிணற்றுத் தண்ணீராலோ, வயல் மருந்தாலோ, முதுகுவலிக்குக் கடையில் வாங்கித் தின்ற மாத்திரையாலோ ஊத்துமடையில் ஒன்பதும் பத்தும் வைத்திருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. மிஷன் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டில் நாற்காலிக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர் முறை வருவதற்குள் இறந்துபோவதும், அடுத்தவர் ஓர் இடம் முன்னால் நகர்ந்து உட்காருவதும் வழக்கமாகிவிட்டது.

அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டர் பியூலாவிடம் ஆவுடையப்பன் போய்க் கேட்டான். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, சேர்த்தால் எல்லாருக்கும் இரண்டுக்குச் சற்றுக் கீழே வரும் என்றார். இரண்டில் யாரும் சாவதில்லை. ஆனால் இரண்டில் யாரும் நிற்பதும் இல்லை, அது ஏறுகிற படிக்கட்டு. இப்போது சிலர் சாகிறார்கள், அப்போது சில வருஷங்கள் ஒருவரும் சாகாமல் இருந்துவிட்டுப் பிறகு எல்லாரும் சேர்ந்து நாற்காலிக்குக் காத்திருப்பார்கள், என்னிடம் இருப்பது இந்த நாற்காலிகள்தான் என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொன்றையும் சொன்னார், சொல்லாமல் இருந்திருக்கலாம். சர்க்கரையே இல்லாத உடம்பு சங்கரவடிவு உடம்பு. ஊர்ச் சர்க்கரை சேர்ந்ததிலிருந்துதான் அவளுடைய சிறுநீரகங்களில் மிச்சம் கிடந்த கொஞ்சமும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆடியைத் தாண்டுவது சந்தேகம்.

பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளிகளின் வீட்டார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் கரண்டு போவதைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி என்றார்கள். நோயில்லாதவர்கள் அவர்கள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து உள்ளே வந்து, பேரன் பேத்திகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு, அவர்களும் பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி என்றார்கள். முக்காண்டி ஓர் அல்வாப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அதை யாரும் தின்ன முடியாது என்பது ஞாபகம் வந்து, திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பாய் விரித்து, சேர்க்க வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் கலந்தே உட்கார்ந்து, ஒரே தூக்கில் காப்பி வாங்கிக் குடித்து, யாரும் யாரையும் நோகடிக்காமல் பொழுது சாயும்வரை பேசி, லண்டன்காரருக்குத் தெரியாததா, அவரே பாத்துச் செய்யட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தார்கள்.

சிந்தாமணி மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். அவள் மகள் மலர்விழி ஏழு மாசக் கர்ப்பம். முதல் பரிசோதனையைப் பெருமையாகத் தன் லேபிலேயே, தன் கையாலேயே எடுத்திருந்தாள். அதில் கிரியாட்டினினும் இருந்தது, வெறும் அரை. அவள் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"அக்காவுக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன் அண்ணாச்சி. எம் பிள்ளைய மட்டும் கேக்காதிய."

அவன், நான் யாரையும் எதுவும் கேட்கவில்லையே என்றான்.

"கேக்காமலே எடுத்துக்கிடுத சங்கதிதான இது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சங்கரவடிவு இதையெல்லாம் உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவளுக்கு அளந்து வைத்திருந்தார்கள். குடித்தால் தீர்ந்துவிடும் என்று அதைக் கட்டியாக உறையவைத்துச் சின்னச் சின்னத் துண்டாக வாயில் அடக்கிக்கொள்வாள். டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு மத்தியானம், அப்படி ஒரு துண்டை ஒதுக்கிக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். அவன் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தான். பெருந்தன்மையாக ஏதோ சொல்லப்போகிறாள், வேண்டாம் விட்டுவிடு தம்பி என்று சொல்லப்போகிறாள் என்று அவன் உள்ளுக்குள் காத்திருந்தான். அவள் சொல்லிவிட்டால் தனக்கு ஒரு வேலை மிச்சம் என்றுகூட நினைத்தான்.

"எனக்குச் சாக மனசில்லல ஆவுட" என்றாள் அவள்.

பனிக்கட்டியை மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் பாத்துச் செய்யின்னுட்டுப் போறாவ. நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன். நான் கேக்கேன். எனக்கு வேணும்."

டாக்டர் போட்ட கணக்கை அவன் எடுத்துச் சொன்னான். படிக்கட்டைச் சொன்னான், நாற்காலிகளைச் சொன்னான், மலர்விழியைச் சொன்னான். அவள் பனிக்கட்டி கரையும்வரை பொறுமையாகக் கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"சுகர ஒண்ணாக்கும்போது எங்கிட்ட யாராவது கேட்டியளா? ஊருல பாதிப் பேரு காலுப் புண்ணு என் ரத்தத்துலதான ஆறுச்சு. நான் ஒரு வார்த்த சொன்னனா? பெறவு என்னுதுல கொஞ்சம் அவிய எடுத்துக்கிட்டா என்ன."

"எடுத்தா நிக்காதுக்கா. எல்லாரும்தான் போவாங்க."

"போகட்டும். நான் மட்டும் முன்னால போயி அங்க என்ன எடம் பிடிக்கவா போறேன்?" அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரித்ததில் இருமலும் வந்தது. இருமி முடித்து, தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி இல்லை. "உனக்கு என்ன. நீ இந்த ஊருல ஒரு எடத்துலயும் கை நீட்டல. சுகரும் உனக்கு இல்ல, மூச்சு வாங்குததும் இல்ல. எங்க எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிப்போட்டுட்டு உன் ரத்தம் இன்னும் லண்டன்லதான் இருக்கு."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனி கழிந்தது. டயாலிசிஸ் வார்டில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த தையற்காரர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, அதற்கடுத்த நாற்காலிக்காரரும் வரவில்லை. வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சிந்தாமணி மகளுக்கு வளைகாப்பு நடந்தது, ஊரே போய் வந்தது, சங்கரவடிவு கட்டிலில் இருந்தபடியே ஒரு ஜோடி கண்ணாடி வளையல் கொடுத்து அனுப்பினாள், சிந்தாமணி அதை மகளின் கையில் எல்லா வளையலுக்கும் மேலாகப் போட்டுவிட்டாள். பாயசத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அக்காவின் முகம் வீங்கி, கண் சிறுத்து, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே தூங்கினாள். ஆடி முதல் வெள்ளிக்கு மாவிளக்கு எடுக்கும் மேளச்சத்தம் தெருவில் வந்தபோது, யார் வீட்டு விசேஷம் என்று தம்பியைக் கேட்டாள்; சற்று நேரம் கழித்து, நீ யார் என்றும் கேட்டாள். ரத்தத்தில் அழுக்கு ஏறினால் இப்படித்தான் பேச்சு தடம் மாறும் என்று டாக்டர் பியூலா முன்பே சொல்லியிருந்தார். ஆவுடை என்றான் அவன். எந்த ஆவுடை என்றாள் அவள்.

மறுநாள் காலை அவன் காப்பி குடிக்காமல் கீழ ரத வீதிக்கு நடந்தான். சிந்தாமணி அப்போதுதான் கதவைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போய் உட்கார்ந்து சட்டைக்கையைச் சுருட்டினான். எந்த டெஸ்டு அண்ணாச்சி என்று அவள் வழக்கம்போலக் கேட்டாள்; எல்லாமும் என்றான். அவள் கையில் ரப்பர்க் கயிறு அப்படியே நின்றது. பிறகு கயிற்றைக் கட்டி, பஞ்சால் துடைத்து, அவன் முகத்தைப் பார்க்காமல் நரம்பை மட்டும் பார்த்து ஊசியை இறக்கினாள். குழாய் நிறையும்வரை இருவரும் தெருவில் போன பால்காரரின் மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயில் அவன் பெயரை எழுதி மற்றக் குழாய்களோடு அடுக்கிவிட்டு, உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்த அறையின் கதவைச் சாத்தினாள்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து, அலமாரியைத் திறந்து மடிக்கணினியை எடுத்து, அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, கிரியாட்டினினுக்கு ஐந்து லேபுகளிலும் இருந்த பெயர்களை ஒன்றாகச் சேர்த்தான்.